சிவப்புப் பொத்தானுக்கு ஒதுக்கிய இடம்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "பொட்டிக்குள்ள எழுதுறா" என்பாள் அம்மா. திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவளோடு மீன் விற்கும் பெண்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் தவறு ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பொறியியல் படித்ததும் நான்தான். இன்று விசைப்படகுகளில் பொருத்தும் ஒரு பெட்டிக்குள், நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், எந்த நேரத்தில் என்று தீர்மானிக்கும் வரிகளை எழுதுவதும் நான்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

பெட்டி ஒரு பெரிய டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். படகு ஓட்டும் அறையில், சுக்கானுக்கு மேலே திருகி வைப்பார்கள். சுற்றிலும் உள்ள படகுகள் எங்கே இருக்கின்றன என்பதை ரேடியோவில் கேட்டுக்கொள்ளும். தான் இருக்கும் இடத்தையும் சொல்லும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு ஒரு சிறு செய்தி அனுப்பும். முன்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு, மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் மூடியைத் திறந்து பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் அலுவலகம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே தகடுகளை இறக்கும்போது மேலே மேசை அதிரும். அந்த அதிர்வில் பிழைக்கும் பெட்டி அலையிலும் பிழைக்கும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

என் வேலை கர்னலில். கணினியின் எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து எல்லாவற்றையும் தாங்குவது கர்னல். மேலே ஓடும் ஒரு நிரல் விழுந்தால் கர்னல் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு மீண்டும் தொடங்கும். கர்னலே விழுந்தால் தூக்கிவிட அதற்குக் கீழே யாரும் இல்லை. அதனால் அங்கே நினைவகம் கேட்பது சாதாரணக் காரியம் அல்ல. கேட்டால் கிடைக்கலாம், இல்லை என்றும் பதில் வரலாம். ஒவ்வொரு முறையும் பதிலைப் பார்க்க வேண்டும். வாங்கியதை வேலை முடிந்ததும் ஒரே ஒரு முறை திருப்பித் தர வேண்டும். தந்த பிறகு அதைத் தொடக் கூடாது. சில இடங்களில் காத்திருந்து கேட்கலாம். ரேடியோவில் செய்தி வந்து விழும் கணத்தைக் கவனிக்கும் இடத்தில் காத்திருக்கவே முடியாது. அங்கே நின்றுவிட்டால் பெட்டி மொத்தமும் நின்றுவிடும். உடனே கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது, மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது.

நைனா, என் அப்பா, காசிமேட்டில் ஒரு விசைப்படகை ஓட்டுகிறார். படகு ஓனருடையது. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்து எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். அன்று முழங்கை வரை நீலப் பெயிண்டோடு வந்து உட்கார்ந்தவர், தடை முடிந்ததும் காலையில் எல்லாப் படகும் புறப்படுவதற்கு நல்ல நேரம் குறித்துவிட்டார்கள் என்றார்.

"எல்லா போட்டும் ஒண்ணாவா நைனா?"

"பின்ன? வருசா வருசம் அப்டித்தானே. பூச போட்டு, தேங்கா ஒடச்சி, அப்பறம் சுச்சு போட வேண்டியதுதான்."

"பொட்டியும் அப்பதான் போடுவீங்களா?"

"எஞ்சினு, லைட்டு, பொட்டி, எல்லாமே அப்பதான். அதுக்கு முன்ன போட்டுல எதயும் உசுரு குடுக்க மாட்டோம்."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வருடம் தடை முடிந்தபோது பெட்டிகள் வந்திருக்கவில்லை. பிறகு ஒவ்வொரு படகாக, ஒவ்வொரு நாளாகப் பொருத்தினோம். துறைமுகம் நிறைய நிற்கும் அத்தனை படகுகளிலும் பெட்டிகள் ஒரே நேரத்தில் கண் விழிப்பது இதுதான் முதல் முறை. கண் விழிக்கும்போது ஒவ்வொரு பெட்டியும் தான் யார் என்று முழுக்கச் சொல்லி, மற்றவர்கள் யார் என்றும் கேட்கும். கேட்ட ஒவ்வொன்றும் பதில் சொல்லும். எங்கள் அலுவலகத்தில் சோதித்ததெல்லாம் ஒரு மேசைக்குள் அடங்கும் பெட்டிகளை வைத்துத்தான். நல்ல நேரம் என்ற ஒன்று இருப்பதை அந்த மேசையில் உட்கார்ந்த யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அது தெரியும். அந்தப் பூசையைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

மறுநாள் அலுவலகத்தில், ஒரு துறைமுகம் நிறையப் படகுகள் பேசுவதுபோல் நடிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஒரு பெட்டியின் மேல் ஏவினேன். பெட்டி விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், உடனே தெரிந்திருக்கும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கரைக்குச் செய்தி வருவது மட்டும் நின்றுபோனது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை.

காரணத்தைத் தேடி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. வரும் ஒவ்வொரு செய்திக்கும் ரேடியோவைக் கவனிக்கும் நிரல் இரண்டு துண்டு நினைவகம் கேட்டது. ஒன்று செய்திக்கு, ஒன்று அனுப்பியவர் விவரத்துக்கு. முதல் துண்டு கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால், முதலாவதைத் திருப்பித் தராமலேயே நிரல் வெளியேறிவிடும். மேசையில் நடந்த சோதனைகளில் இரண்டாவது துண்டு கிடைக்காமல் போனதே இல்லை, அதனால் அந்த வழியில் யாரும் நடந்து பார்க்கவில்லை. நெரிசலில் அப்படித் தவறிய துண்டுகள் சேர்ந்து சேர்ந்து நினைவகம் முழுவதும் போய்விட்டது. நெரிசல் தீர்ந்த பிறகும் அது திரும்பவில்லை. சிவப்புப் பொத்தானும், அமுக்கிய பிறகுதான் தன் செய்திக்கு இடம் கேட்டது. இல்லை என்று பதில் வந்ததும் உள்ளே எங்கோ ஒரு வரி எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். நைனாவின் தம்பி. நான் சிறுமியாக இருந்தபோது வலை இழுக்கையில் கடலில் விழுந்தார். அந்தப் படகில் கூப்பிட எந்த வழியும் இல்லை. சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு நைனா தனியாகத் திரும்பினார். அன்று என் மேசையில் ஊமையாக எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. நைனா திரும்பி வந்து வாசலில் நின்ற விதம்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் அணித் தலைவர் நல்ல மனிதர், கறாரானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வரும் செய்திகளுக்கு அளவான இடத்தை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் சுழற்றலாம், நிறைந்தால் பழைய செய்தியை விட்டுவிடலாம் என்பதை உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவது கிடைக்காவிட்டால் முதலாவதைத் திருப்பித் தருவதில் மறுபேச்சே இல்லை. தகராறு சிவப்புப் பொத்தானில் வந்தது. பெட்டி விழிக்கும்போதே அதற்கென்று இடம் எடுத்து வைக்க வேண்டும், வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, அந்த இடம் கிடைக்காவிட்டால் பச்சை விளக்கே எரியக் கூடாது என்றேன்.

"இருக்கறதே கொஞ்சம் மெமரி. வருஷத்துல ஒரு தடவகூட அமுக்காத பொத்தானுக்கு அதச் சும்மா பூட்டி வெக்கணுமா?"

"எங்க வீட்டுல ஒரு குடம் தண்ணிய யாரும் தொட மாட்டோம் சார். லாரி வராத அன்னிக்குன்னு தனியா இருக்கும்."

"இது வீடு இல்லைங்க."

"நைனா வருஷத்துல பாதி நாள் அங்கதான் இருக்காரு. எனக்கு வீடுதான்."

"எழுதிக் காட்டுங்க. என் முன்னாடி அமுக்கிப் பாப்போம்" என்றார்.

எழுதினேன். நடிப்புத் துறைமுகத்தை ஏவிவிட்டு, அவர் பக்கத்தில் நிற்கையில் பொத்தானை அமுக்கினேன். வரும் செய்திகளைப் பெட்டி அழகாகச் சமாளித்தது. ஆனால் அவர் வேறொரு நிரலை வேண்டுமென்றே ஓடவிட்டு, மீதி நினைவகத்தை அது தின்னும்படி செய்திருந்தார். ஆபத்துச் செய்தி தயாரானது, வெளியே போகவில்லை. என் அடுக்குக்குக் கீழே, செயற்கைக்கோள் மோடத்தோடு பேசும் அடுக்கு, அனுப்பும் கணத்தில் தனக்கென்று ஒரு சிறு துண்டு கேட்கிறது. அதற்கு இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

"உங்க குடத்துல தண்ணி இருக்கு" என்றார் அவர். "மொண்டு குடுக்கச் சொம்பு இல்ல."

எனக்குக் கோபம் வந்தது, அவர் சொன்னது சரி என்பதால். பொத்தானிலிருந்து ஆண்டெனா வரைக்கும் அந்தச் செய்தி தொடும் ஒவ்வொரு இடத்தையும் வரிசையாகப் பார்த்து, வழியில் யாரும் புதிதாக எதையும் கேட்காதபடி எல்லாவற்றையும் விழிக்கும்போதே எடுத்து வைத்தேன். மறுபடியும் அமுக்கினேன். கீழே இரும்பு இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு வரும் செய்திகளைக் காட்டும் திரையில் அது வந்து நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "இத எல்லாப் பெட்டியிலயும் ஏத்தணும், அவங்க கிளம்பறதுக்குள்ள" என்றார்.

அங்கேதான் சிக்கல். புதிய நிரலை ஏற்றப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். நல்ல நேரத்துக்கு முன்னால் படகில் எதற்கும் உயிர் கொடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் படகில் ஏறுவதும் இல்லை. மடிக்கணினியோடு கரையில் நின்று நான் மேலே பார்த்துப் பேசினேன். மேலிருந்து ஒருவர் குனிந்து கேட்டார்.

"இன்னாமா, பூசைக்கு முன்ன சுச்சு போட சொல்ற? படிச்ச பொண்ணுதானே நீ?"

"போட்டுல போட வேணாம்ணா. கழட்டி கீழ குடு. கரைக்கு வந்துட்டா அது வெறும் பொட்டிதானே? நான் வேலைய முடிச்சி ஆஃப் பண்ணி குடுத்துடுறேன்."

"அப்டி இன்னா பேஜாரு அதுல?"

"எல்லாரும் ஒண்ணா போட்டா அதுக்கு மூச்சு முட்டிடும்ணா."

"முட்டினா இன்னா பண்ணும்?"

"பச்ச லைட்ட காட்டிகினு சும்மா நிக்கும். நீ கூப்ட்டா திரும்பி பாக்காது."

"எங்க ஓனரு மாதிரின்னு சொல்லு" என்றார் பக்கத்துப் படகில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். சிரித்தார்கள். சிரித்தபடியே முதல் பெட்டி கயிற்றில் கட்டி இறங்கி வந்தது. கரைக்கு வந்துவிட்டால் அது படகின் சாமான் இல்லை என்ற கணக்கு அவர்களுக்கும் பிடித்திருந்தது. அடுத்து வந்த நாட்களில் ஏல மண்டபத்தின் ஓரமாக ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கிக்கொண்டு, கூட வேலை செய்பவர்களோடு பெட்டி பெட்டியாக ஏற்றிக் கொடுத்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, யார் பெட்டி யாருடையது என்று மாறிப்போகாமல் பார்த்துக்கொண்டாள்.

எல்லோரும் தரவில்லை. சில ஓனர்கள் சம்மதிக்கவில்லை. இன்னொரு பெட்டியும் வரவில்லை. அது நைனாவுடையது.

அவர்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைப் பூட்டி முடித்ததும் படகின் முன்முனையான அணியத்தில் மஞ்சள் கயிறும் வேப்பிலையும் கட்டுவார்கள். கட்டிய பிறகு, முதல் வலை போடும் வரைக்கும் படகிலிருந்து எதுவும் கீழே இறங்கக் கூடாது. அந்த வருடம் ஓனர் சீக்கிரமே கட்டிவிட்டார்.

"ஒரு பொட்டி நைனா. அர மணி நேரம்."

"கயிறு கட்டியாச்சும்மா. ஒரு ஆணிகூட எறங்காது."

"ஊரு மொத்தம் எறக்கி குடுக்குது. நீ குடுக்கலன்னா நான் இன்னான்னு சொல்ல?"

"ஊரு குடுக்கட்டும்."

அம்மா இடையில் புகுந்தாள். "வுடு. பல்லு ஆடிகினு கீது, அதையே கழட்ட மாட்டேன்றாரு. பொட்டிய கழட்டுவாரா?"

நைனா சிரிக்கவில்லை. சித்தப்பா போன அந்த முறை, கயிறு கட்டிய பிறகு ரிப்பேருக்கென்று ஒரு பம்பை இறக்கியிருந்தார்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பம்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று நான் நிரூபிக்கலாம். நிரூபித்து என்ன செய்வது? அதற்குமேல் நான் கேட்கவில்லை.

புறப்படும் நாள் காலையில் துறைமுகம் முழுக்கக் கற்பூர வாசனையும் டீசல் வாசனையும். நான் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றாள். ஒவ்வொரு பெட்டியும் கரைக்கு அனுப்பும் செய்தி திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி வந்தால் சிவப்புப் பொத்தானுக்கும் வழி இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் போவது ஒரே பாதையில்தான்.

தேங்காய்கள் உடைந்தன. எஞ்சின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. திரையில் புள்ளிகள் நிறைந்தன, நைனாவின் புள்ளியும் வந்தது. படகுகள் வரிசையாக முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தன. அடுத்த செய்தி வரவேண்டிய நேரத்தில் பெரும்பாலான புள்ளிகள் இடம் மாறின. சில மாறவில்லை. நைனாவுடையது, படகு எப்போதோ தாண்டிப்போய்விட்ட பழைய இடத்திலேயே நின்றது. அதற்கு அடுத்த முறையும் அங்கேயே நின்றது.

போன் செய்தேன். எடுத்தார், எஞ்சின் சத்தத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலும், ஆட்களின் குரலும் கேட்டது.

"நைனா, உன் பொட்டி பேசல."

"பச்ச எரியுதே."

"எரியும். உள்ள எடம் போயிடுச்சி. சிவப்ப அமுக்கினாலும் வெளிய போகாது."

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"கூட்டத்த வுட்டு தள்ளி போனதும் ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு. கூட்டம் இல்லன்னா தாங்கும்."

"நல்ல நேரத்துல போட்டத அணைக்க சொல்ற" என்றார்.

"ஆமா."

"அண்ணே, இன்னாண்ணே சொல்து பாப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் எதையும் எறக்க சொல்லல நைனா. பொட்டி போட்டுலயேதான் இருக்கும், கயிறு அப்டியே இருக்கும்" என்றேன். "சித்தப்பா வுழுந்தப்ப பொட்டி இல்ல. இப்ப இருந்தும் இல்லாத மாதிரி போகாத."

இணைப்பு துண்டித்துக்கொண்டது. அவர் வைத்தாரா, சிக்னல் போனதா என்று தெரியவில்லை. அம்மா என் தோளில் கை வைத்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வரிகள் ஓடிய பெட்டிகளெல்லாம் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் எனக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை. பழைய நிரல் ஓடும் ஒரு பெட்டிக்காக, ஒரு மனிதர் தன் கையால் ஒரு சுவிட்சை அணைப்பாரா என்பது மட்டும்தான் இருந்தது.

முகத்துவாரத்துக்கு வெகு வெளியே, வடக்கே எண்ணூர் பக்கமாக ஒரு புள்ளி வந்தது. எண்ணைப் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு எண் படிக்க வராது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். போன் அடித்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே நைனா கத்தினார்.

"சூடம் ஏத்தி காட்டிட்டுதான் போட்டேன். வருதா?"

"வருது நைனா."

"செரி, வை."

அவர் வைத்துவிட்டார். அசையாத புள்ளிகள் இன்னும் இருந்தன. முந்தைய நாட்களில் பெட்டி தர மறுத்த ஓர் ஓனரின் படகில் போயிருப்பவரின் போன் எண்ணை அம்மா விசாரித்து வாங்கி வந்தாள். அழைத்தேன். யார், என்ன என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் ஒருவர் குறுக்கிட்டார்.

"தெரியும்மா. உங்க நைனா இப்பதான் வயர்லெஸ்ல எல்லாரையும் திட்டிகினு கீறாரு. கொஞ்சம் இரு, சூடம் தேடிகினு கீறோம்."